யூரோ வரவுக்குத் திருப்பூர் ஆடிட்டர்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

பல்லடத்தில் வீட்டிலிருந்தபடியே ஜெர்மனி நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் சோதனை வேலை செய்து வரும் நான், மாதந்தோறும் யூரோவில் வரும் பணத்துக்குக் கணக்கு வைத்து வரி கட்டித் தர ஓர் ஆடிட்டரைத் தேடியபோது, கணினித் துறையினர் நிறைந்த கோவையை விட்டுவிட்டுத் திருப்பூரைத் தேர்ந்தெடுத்தேன். அயல்நாட்டு வரவைப் பற்றி அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதே காரணம். காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு முதல் மாடியில் இயங்கும் இந்த அலுவலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிக்காரர்களும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர்களுமே. என்னைப் போன்றவர்கள் மிகச் சிலர். இந்த அலுவலகத்தின் பலம், பலவீனம் இரண்டுமே அதிலிருந்துதான் வருகின்றன.

அயல்நாட்டிலிருந்து பணம் வந்து சேரும்போது, அது எதற்கான பணம் என்பதை ரிசர்வ் வங்கி வகுத்துள்ள குறியீடு ஒன்றைக் கொண்டு வங்கி பதிவு செய்ய வேண்டும். மென்பொருள் ஆலோசனைப் பணிக்கு உரியது பி0802. என் கணக்கு உள்ள வங்கிக் கிளையோ, தொடக்கத்தில் வந்த தொகைகளைப் பி1301 என்று, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் அனுப்பும் பணம் என்று பதிந்து வைத்திருந்தது. வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தையே பார்த்துப் பழகிய கிளைக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்கும். ஆடிட்டர் அலுவலகத்தின் மூத்த உதவியாளரான அம்மையார் அந்த வரவுச் சான்றுகளை மேசையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மீதும் ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, "ஏனுங்க, இது வூட்டுச் செலவுக்கு வந்த பணம்னு போட்டிருக்குதுங்க, இதைய வெச்சு எக்ஸ்போர்ட்டுன்னு காட்ட முடியாதுங்களே" என்றார். வங்கிக்குத் தர வேண்டிய திருத்தக் கடிதத்தை அங்கேயே தட்டச்சு செய்து, பில் நகல்களையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் இணைத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

இதைச் சிறிய விஷயமாக நினைக்கக் கூடாது. பணம் மாற்றத்தக்க அயல்நாட்டுச் செலாவணியிலோ, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடங்களில் ரூபாயிலோ வந்திருக்க வேண்டும் என்பது, ஒரு பணியைச் சேவை ஏற்றுமதி என்று ஏற்க 2017ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுள் ஒன்று. அதற்குச் சான்று வங்கி தரும் அந்தத் தாள்தான். பில்லில் எழுதிய யூரோவுக்கும் கணக்கில் விழுந்த யூரோவுக்கும் இடையே வழியில் உள்ள வங்கி பிடித்துக்கொண்ட சில்லறையைக்கூட இவர்கள் தனியாக எழுதி வைக்கிறார்கள். சரக்கு ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமாகிய ஷிப்பிங் பில்லையும் வங்கி வரவையும் பொருத்திப் பார்த்தே காலம் தள்ளியவர்களுக்கு அது பழகிப்போன வேலை.

ஜி.எஸ்.டி. விஷயத்திலும் குறை சொல்ல இடமில்லை. ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம் என்பதால் பதிவே தேவையில்லை என்று நண்பர்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்; ஆனால் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறதா என்று பார்க்கும்போது ஏற்றுமதியும் அந்தக் கூட்டலில் சேரும் என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்கினார்கள். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய உதவும் எல்.யு.டி. எனும் உறுதிமொழியை நிதியாண்டுதோறும் நினைவூட்டாமலே போட்டுவிடுகிறார்கள். இணைய இணைப்புக்கும் அவர்களுடைய கட்டணத்துக்கும் நான் செலுத்திய ஜி.எஸ்.டி.யைத் திரும்பக் கோரலாம் என்று சொன்னதும் அவர்களே. மடிக்கணினி மூலதனப் பொருள் என்பதால் அதற்குச் செலுத்திய வரி இந்தக் கோரிக்கையில் சேராது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

வருமான வரியில் அவர்கள் காட்டிய வழி, பழைய சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு. 2026 ஏப்ரலில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து எண் மாறிய பிறகும் ஆடிட்டர்கள் பேச்சில் அந்த எண்தான் நிற்கிறது. பட்டியலிட்ட தொழில்களைச் செய்பவர், ரொக்க வரவு ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் ஆண்டுக்கு 75 லட்சம் ரூபாய் வரையிலான வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். முன்கூட்டிய வரியையும் நான்கு தவணைக்குப் பதிலாக மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். என் வேலை அந்தப் பட்டியலுக்குள் அடங்குமா என்பதை உறுதி செய்ய, நான் செய்யும் பணியை ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள் என்பதை அவர்கள் பக்கம் வரவு வைக்கிறேன்.

ஆனால், பணம் வந்த வழியை இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் இவர்கள், அந்தப் பணத்துக்குக் காரணமான ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை. முதல் பக்கத்தில் இருக்கும் பெயர், முகவரி, தொகை ஆகியவற்றோடு அவர்களுடைய ஆர்வம் முடிந்துவிடுகிறது. அயல்நாட்டு நிறுவனத்துக்கு இங்கிருந்து வேலை செய்பவருக்கோ தலைவிதியே உள்பக்கங்களில்தான் இருக்கிறது. வேலை நேரத்தை நிறுவனமே நிர்ணயிக்கிறதா, விடுப்புக்கு அனுமதி கேட்க வேண்டுமா, வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாதா என்பவற்றைப் பார்த்தால்தான் அவர் தனித்தொழில் செய்பவரா, உண்மையில் ஊழியரா என்பது தெரியும். ஊழியர் என்றால் வருவது சம்பளம். அதற்கு 44ஏடிஏ பொருந்தாது, ஜி.எஸ்.டி.யும் கிடையாது, இங்கே வரி பிடித்தம் செய்ய யாரும் இல்லாததால் முன்கூட்டிய வரியை ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் எனத் தவணைகளில் தானே கட்ட வேண்டும். என் நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட சம்பள ஒப்பந்தத்துடன் சென்றபோது, அவரையும் ஏற்றுமதியாளராகவே பாவித்துப் பதிவுக்கான படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வேலை செய்பவரால் தனக்கு இங்கே நிரந்தர நிலையம், அதாவது இந்தியாவில் வரி கட்ட வேண்டிய அளவுக்கான தொழில் இருப்பு, ஏற்பட்டுவிடுமோ என்று என் ஜெர்மன் நிறுவனம் எழுப்பிய கேள்விக்கும் இவர்களிடமிருந்து எனக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதை வேறொரு வழக்கறிஞரிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

கட்டணம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. வரித் திருப்பீடு கோருவதற்குத் தனி. செய்யும் வேலைக்கு அது நியாயமே. ஜெர்மனியில் காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடையில் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை என்பதால் என் முற்பகல் முழுவதும் ஓய்வாகவே இருக்கிறது. நேரில் சென்று வரச் சிரமமில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்கான 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கும் நாட்களில் போனை எடுக்க ஆளிருக்காது, மின்னஞ்சலுக்குப் பதிலும் வராது.

பில் போட்டு வேலை செய்யும் தனித்தொழிலருக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சம்பள ஒப்பந்தம் உள்ளவர்கள் சம்பளக் கணக்கில் தேர்ந்த வேறு இடத்தைப் பார்ப்பது நல்லது. மார்ச் மாதத்தில் இவர்கள் புதியவர்களை எடுத்துக்கொள்வதில்லை. ஏப்ரலின் முதல் பில்லுக்கு முன்பே எல்.யு.டி. போட்டுவிட நினைப்பவர்கள் பிப்ரவரியிலேயே, 20ஆம் தேதி கழிந்த பிறகு, ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு நேரில் செல்லவும்.