சோற்றை விடுவதா, களிக்குத் திரும்புவதா?

காட்பாடியில் எங்கள் வீட்டில் ஐந்து மாதங்களாக இரண்டு சமையல் நடக்கிறது. அண்ணன் பேலியோவுக்கு, அதாவது ஆதிமனிதர் உண்டதைப் போலச் சாப்பிடும் முறைக்கு மாறியதால் தானியத்தைத் தொடுவதில்லை. காலையில் மூன்று முட்டை, மதியம் கோழியோ மீனோ கீரையோடு, இரவில் பனீர். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் தானியத்தை விடவில்லை. வெள்ளைச் சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு கேழ்வரகுக்கும் சாமைக்கும் மாறினார். இருவருக்கும் உலை வைப்பவள் நான். அதனால் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அண்ணனின் வழியில் பலன் உண்டு. எட்டு கிலோ குறைந்திருக்கிறார். மாவுச்சத்து குறைந்தால் சாப்பிட்ட பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் குறையும், இது உண்மை. முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கும் எடையில் பெரும்பகுதி உடம்பில் தேங்கியிருந்த நீர்தான் என்பதும் உண்மை. இன்னொன்றையும் நான் கவனித்தேன். தானியத்தை நிறுத்திய அதே நாளில் மாலை பஜ்ஜி, டீயில் போடும் மூன்று ஸ்பூன் சர்க்கரை, பேக்கரி பிஸ்கட், ஞாயிறுதோறும் ஆம்பூர் பிரியாணி எல்லாமே நின்றுபோயின. இளைத்ததற்கான பெருமையைக் கேழ்வரகை விலக்கியதற்கு மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

இதே முறையை அப்பா ஒரே நாளில் தொடங்கியிருந்தால் ஆபத்து. இன்சுலின் போடுபவர்களும் சிலவகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இறைச்சியையும் முட்டையையும் அதிகமாக்கும் முன்பும் கேட்டாக வேண்டும்.

எனக்கு மனம் ஒப்பாத இடம் வேறு. அண்ணன் பின்பற்றும் பேலியோ முறையில் பருப்புக்கும் பயறுக்கும் இடமில்லை, மல்லாட்டையும் (நிலக்கடலை) கூடாதாம்! வட ஆற்காட்டு மானாவாரி மண்ணில் விளையும் கடலையை ஒதுக்கிவிட்டு எங்கிருந்தோ வரும் பாதாமை ஊறவைக்கிறோம். இத்தனைக்கும் திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில், புதிய கற்கால மக்கள் கொள்ளும் பச்சைப்பயறும் பயிரிட்டதற்குச் சான்று கிடைத்தது. அண்ணனுக்கு மட்டும் ஆகும் சாப்பாட்டுச் செலவு, மற்ற மூவருக்கும் ஆவதைவிட அதிகம். ஒரு சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு இதை எப்படிச் சிபாரிசு செய்வது?

தானியத்தின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் பைட்டிக் அமிலமும் ஒன்று. இரும்பு, துத்தநாகச் சத்துகளை உடம்பு உறிஞ்சவிடாமல் அது தடுப்பது உண்மைதான். ஆனால் ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் அது குறைகிறது. ஆடிக் கூழுக்கு முதல் நாளே மாவு கரைத்துப் புளிக்கவைப்பதும் அதில் ஒரு வழிதான். குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவர்கள் விலக்க வேண்டியவை கோதுமையும் பார்லியும் போன்றவை. அரிசியிலும் கேழ்வரகிலும் சாமையிலும் குளூட்டன் இல்லை.

இனி அப்பாவின் தட்டு. கொதிக்கும் நீரில் கொஞ்சம் நொய்யை வேகவிட்டு, மேலே கேழ்வரகு மாவைக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி செய்து மூடிவைப்பேன். பிறகு கட்டி தட்டாமல் கிளற வேண்டும், தோள் வலிக்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஓர் உருண்டை, பக்கத்தில் உருண்டையைவிடப் பெரிய குவியலாக முருங்கைக்கீரை. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் கேழ்வரகு என்ற பெயரே மருந்தாகிவிடாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அப்பாவின் விரலில் குத்திப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். தட்டு நிறையச் சோறு சாப்பிட்ட நாளில் 248. சாமைச் சோறும் கீரைக்கூட்டும் சாப்பிட்ட நாளில் 176. சல்லடையில் சலித்த மாவில் கஞ்சி காய்ச்சிக் குடித்த நாளில் 231! “கேழ்வரகுதானே குடித்தேன்?” என்று அப்பா என்னையே கேட்டார். நைசாக அரைத்த மாவு கஞ்சியாகும்போது சீக்கிரம் செரித்துவிடுகிறது. அன்றிலிருந்து கஞ்சி கிடையாது. இது ஒருவர் உடம்பின் கணக்கு; உங்கள் வீட்டில் நீங்கள் குத்திப் பார்த்தால்தான் உங்கள் கணக்கு தெரியும்.

சாமை வாங்கும்போதும் கவனம் வேண்டும். ஜவ்வாது மலையில் விளைகிற சாமை தவிட்டோடு சற்றுப் பழுப்பாக இருக்கும். கடையில் வெள்ளை வெளேர் என்று மின்னினால், தீட்டி நார்ச்சத்தை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அதற்கு அதிக விலை கொடுப்பதைவிட ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

அளவுதான் முக்கியம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளின் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்று போகும் நம் தட்டு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். எனவே என் ஓட்டு அப்பாவின் தட்டுக்கு. பாதித் தட்டில் இலவம்பாடி முள்கத்தரியோ அவரையோ கீரையோ, கால் தட்டில் பயறோ முட்டையோ மீனோ, மிச்சக் கால் தட்டில் தீட்டாத தானியம். வயலில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்பவருக்குத் தானியம் இன்னும் கொஞ்சம் கூடலாம்.

அண்ணனை நான் தடுக்கவில்லை. ஆனால் நெய்யும் இறைச்சியும் கூடும்போது சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறுகிறது. அதனால் அடுத்த மாதம் அவருக்கு ரத்தப் பரிசோதனை. அதுவரை பயறையும் மல்லாட்டையையுமாவது சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நேற்று ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல் சாப்பிட்டார்.