"வழக்குக்கு வரத் தேவையில்லை, அக்கா" என்றால் நம்பிவிடாதீர்கள்

85,000 ரூபாய். மகளின் காப்பு இரண்டையும் அடகு வைத்து நானே எண்ணிக் கொடுத்த காசு. நேற்று நீதிமன்ற உத்தியோகத்தர் வாசலில் வந்து நிற்கும்வரை எல்லாம் தீர்ந்தது என்றே இருந்தேன்.

ஆரையம்பதியில் சிறிய கடை வைத்திருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி வாங்க மட்டக்களப்பு நகரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்தேன். கட்டுப்பணம் பிந்தியது என் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வந்த முதல் ஆணையில் 274,000 ரூபாய் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து வாங்கிச் சென்ற ஐந்து மாதக் காசு கழிக்கப்படவேயில்லை!

கிளைக்கு ஓடினேன். அறவீட்டு உத்தியோகத்தருக்கு என் தம்பியின் வயது. கதிரை இழுத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார். "கோடு கச்சேரி என்று ஏன் அலைகிறீர்கள், அக்கா? 85,000 கட்டுங்கள். கணக்கைத் திருத்தி வழக்கை வாபஸ் வாங்குகிறோம். வழக்குத் தவணைக்கு நீங்கள் வரவே தேவையில்லை."

அந்த 'அக்கா'வில்தான் விழுந்தேன். மூன்றாம் நாள் காசோடு போனபோது, ஈரப்பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டதாம். துண்டுத்தாளில் தொகையைக் கிறுக்கித் தந்தார். முத்திரையும் இல்லை, கையொப்பமும் இல்லை. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன், மடைச்சி.

தவணைக்கு நான் போகவில்லை. அவர்கள் போயிருக்கிறார்கள். முழுத் தொகைக்கும் தீர்ப்பு.

இன்று காலை கிளையில், அவர் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். முகாமையாளர் கூட்டத்தில். கொழும்புத் தலைமையகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், கிளையோடு பேசட்டுமாம். 85,000 எங்கே? "கணினியில் அப்படி ஒன்றும் காட்டவில்லை." அதே கதிரை அங்கேயே கிடந்தது, இருக்கச் சொல்லத்தான் ஆளில்லை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தில் வழக்கென்றால், குறித்த நாளில் சத்தியக் கடதாசியோடு போய் எதிர்த்து வாதாட அனுமதி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதல் ஆணையே இறுதியாகிவிடும். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். மத்திய வங்கியில் முறையிடத் தொலைபேசி எண் 1935.

நாளை அந்தத் துண்டுத்தாளோடு நானும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகிறேன். காப்பைப் பற்றி மகளிடம் இன்னும் சொல்லவில்லை.