அமிஃபோஸ்டின் 500 மி.கி. ஊசி: கரண்ட் வைக்குமுன் யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்துக்கொள்ள மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்களின் மருந்துச் சீட்டில் இந்தப் பெயர் சில சமயம் வரும். அதே நேரம், "கதிர்வீச்சிலிருந்து உடம்பைக் காக்கும்" என்று அச்சிட்ட மூலிகை கேப்சூலையும் யாராவது வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. சோதனையில் தேறியது முதலாவது மட்டுமே. அதுவும் சரியான ஆளுக்கு, சரியான நிமிடத்தில் போட்டால்தான் பலன்.

அணுகுண்டுப் போர் வந்தால் சிப்பாய்களைக் காப்பதற்கென்று அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் நிலையம் 4,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைச் சோதித்தது. அதில் தேறிய ஒன்றுதான் இது. அங்கே வைத்த பெயர் டபிள்யூ.ஆர்-2721. சோதிக்கும் முறை கடுமையானது. சுண்டெலிகளைக் குழுகுழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு அளவில் முழு உடம்புக்கும் காமா கதிர் கொடுத்து, 30 நாள் எண்ணுவார்கள். பாதி எலி சாகிற கதிர் அளவு என்ன என்று மருந்து போட்ட எலிகளுக்கும் போடாதவற்றுக்கும் தனித்தனியே கண்டு, முதல் எண்ணை இரண்டாவதால் வகுப்பார்கள். எலும்பு மஜ்ஜைச் சேதத்தால் வரும் சாவில் இந்த மருந்துக்கு ஏறத்தாழ 2.7 வரை கிடைத்தது. ஆனால் எலிக்குப் போட்ட அந்த அளவை மனித உடம்பு தாங்காது. ஆகவே 2.7-ஐ அப்படியே மனிதருக்குப் பொருத்திப் பேசுவது தவறு.

மனிதரிடம் இது காட்டிய பலன் சின்னது, ஆனால் உண்மையானது. 300-க்கும் மேற்பட்ட தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், சிகிச்சை நேரத்தில் வாய் வறண்டு சிரமப்பட்டவர்கள் 78 சதவீதத்திலிருந்து 51 ஆகவும், நாள்பட்ட வறட்சி 57-லிருந்து 34 ஆகவும் குறைந்தது. வாய்ப்புண் மட்டும் குறையவில்லை. எச்சில் இல்லாத வாயில் ஒரு துண்டு பணியாரம் கூட மெல்ல மெல்ல மாவாக அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் இறக்க வேண்டும். வருஷக்கணக்கில் இப்படிச் சாப்பிடும் ஆச்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சதவீதங்களின் மதிப்பு புரியும்.

இனி குப்பி. உள்ளே இருப்பது வெள்ளைத் தூள். 9.7 மி.லி. நார்மல் சலைன் விட்டுக் கலக்கினால் 10 மி.லி. ஆகும்; மி.லி.க்கு 50 மி.கி. சலைன் தவிர வேறு எதிலும் கலக்கக் கூடாது. கலங்கலோ துகளோ தெரிந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். கரண்டுக்கு முன் போடும் அளவு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 200 மி.கி. பரப்பு 1.5 என்றால் 300 மி.கி., அதாவது 6 மி.லி.; மூன்று நிமிடத்தில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். கலக்கிய மருந்து அறை வெப்பத்தில் 5 மணி நேரமும் ஃபிரிட்ஜில் 24 மணி நேரமும் தாங்கும். என்றாலும் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குப்பி இது. மிச்சத்தை அடுத்த நோயாளிக்குப் பங்கு வைப்பது ஆபத்து.

நேரம்தான் இந்த மருந்தின் உயிர்நாடி. ஏற்றிய 6 நிமிடத்தில் ரத்தத்தில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சும். செல்களுக்குள் போய்ச் சேர்ந்த பகுதிதான் காக்கிறது, அதுவும் கொஞ்ச நேரமே. அதனால் ஊசிக்கும் கதிருக்கும் இடைவெளி 15 முதல் 30 நிமிடம். மெஷின் பழுது, வரிசை நீளம் என்று ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் போட்ட மருந்து வீண். வரிசை நகர்வதைப் பார்த்து ஊசி போடும் நர்ஸ் இல்லாத இடத்தில் இதற்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

பெரிய குறை, பிரஷர் இறங்குவதும் வாந்தியும். இங்கிருந்து விடிகாலை பஸ்ஸில் தண்ணீர் குடிக்காமல் கிளம்பி, வெயிலில் வந்து இறங்குகிறவருக்கு மயக்கம் வரும் வாய்ப்பு கூடுதல். முதல் நாளிலிருந்தே நீர் ஆகாரம் நன்றாகப் போக வேண்டும். வாந்தி மாத்திரை முன்கூட்டியே போட வேண்டும். மல்லாந்து படுக்க வைத்து, ஊசிக்கு முன்னும் முடிந்த கையோடும் பிரஷர் பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரையை 24 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஐந்து நாள் கரண்ட் என்றால் அந்த மாத்திரையே இல்லாத நிலைதான். அப்படி நிறுத்த முடியாதவருக்கு இந்த ஊசி ஒத்துவராது. டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவே கூடாது. கதிர் படாத இடத்தில் தடிப்போ, உதடு, கண்ணில் புண்ணோ தோன்றினால் அன்றைய ஊசியைப் போடவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் நோயாக அது மாறும்.

கேப்சூல் விஷயத்துக்கு வருவோம். பெட்டியோடு காட்டும் "ஆய்வறிக்கை" பெரும்பாலும் டி.பி.பி.எச். சோதனையாக இருக்கும்: ஊதா நிறக் கரைசல் மஞ்சளாக வெளுத்தால் வெற்றி. கடுக்காய்க் கஷாயம் விட்டாலும் வெளுக்கும், டீத்தண்ணீர் விட்டாலும் வெளுக்கும். அது கதிர்வீச்சுச் சோதனையே அல்ல. எலிச் சோதனை என்றாலும் இரண்டு இடம் பாருங்கள். சாற்றை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்திருந்தால், அந்தக் கரைப்பானே கதிரிலிருந்து காக்கும் பொருள். அதை மட்டும் கொடுத்த தனிக் குழு இல்லையென்றால் முடிவு செல்லாது. அடுத்து, காமா கதிர் தரும் கோபால்ட்-60 மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் வலு இழக்கும். ஆறு மாதம் திருத்தாமல் பழைய கணக்கிலேயே கதிர் கொடுத்தால் 6 சதவீதம் குறைவாகவே போகும். அதிலேயே பல எலிகள் பிழைத்து மருந்துக்குப் பெயர் வந்துவிடும்.

துளசியில் உள்ள ஓரியன்டின், விசெனின் என்ற பொருள்கள் எலிகளைக் காத்ததாக நம் நாட்டிலேயே நல்ல ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டவை, இலைப் பொடி அல்ல. தவிர, கட்டியையும் சேர்த்துக் காத்துவிட்டால்? கனடாவில் 540 பேரிடம் கரண்ட் நேரத்தில் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்த ஆய்வில் பக்கவிளைவு குறைந்தது. கட்டி திரும்பும் போக்கோ கூடியது. 2005-ல் வந்த முடிவு இது. அமிஃபோஸ்டினைச் செயல்படவைக்கும் நொதி நல்ல திசுவில் அதிகம், கட்டியில் குறைவு என்பதால்தான் அதற்கு இடம் கிடைத்தது. கேப்சூல்காரர்களிடம் இதற்குப் பதில் இல்லை.

இன்னொன்று. எச்சில் சுரப்பியில் குறைவாகப் படும்படி கதிரைக் கட்டுப்படுத்திக் கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறையே வறட்சியைப் பாதியாக்குகிறது: 2011-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் ஓராண்டு கழித்து வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், இதில் 38. அந்த வசதி கிடைக்கிறவர்களுக்கு இந்த ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. பழைய முறையில், இரண்டு பக்கச் சுரப்பியும் கதிரில் மாட்டும்படி திட்டம் போட்டிருந்தால் கேட்டுப் பாருங்கள். வாங்குவதானால் சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே, தொகுதி எண் போட்ட பில்லோடு, இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லும் குப்பியை, மே மாத வெயிலில் நிற்கும் காரில் வைத்துக் காரைக்குடிக்கும் மதுரைக்கும் அலைக்க வேண்டாம்.