முள் எங்கே முளைக்கிறது? கண்மாய்க் கரையில் மரம் காணும் செயலிகள்

ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் எந்தக் கண்மாயில் இறங்கினாலும் ஒரே கரையில் நாலைந்து வகை முள்மரம் நிற்கும். சீமைக்கருவேலம், நாட்டுக்கருவேலம், வெள்வேல், உடை என்கிற குடைவேல், விடத்தலை, எங்காவது ஒரு வன்னி. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாமே பொடி இலையும் முள்ளுமாக ஒன்றுபோலத்தான் தெரியும். சீமைக்கருவேலத்தை அகற்ற ஜேசிபி வந்து நிற்கும்போது எதை விடுவது, எதை எடுப்பது என்ற கேள்விக்கு இப்போது பலரும் போனைத்தான் நீட்டுகிறார்கள். பேச்சுவழக்கில் ‘கருவேலத்தை வெட்டு’ என்றாலே சீமைக்கருவேலம்தான் என்று ஆகிவிட்டதால், சமூகக் காடு வளர்ப்பில் நட்ட நாட்டுக்கருவேலமும் சேர்ந்தே சாய்கிறது. இரண்டு மூன்று பருவம் தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்ததில் இந்தச் செயலிகள் எதில் உதவும், எதில் காலை வாரும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எந்தச் செயலி என்று பார்ப்போம். பிளான்ட்நெட் தாவரங்களுக்கு மட்டுமானது. ஒரே மரத்தின் பல படங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம், ஒவ்வொன்றும் இலையா, பூவா, காயா, பட்டையா என்று குறிக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் எல்லா உயிரினத்துக்குமானது. கணினி சொல்லும் பரிந்துரைக்கு மேல் ஆட்களும் வந்து பார்த்துப் பெயர் சொல்வார்கள். சீக் அதன் தம்பி: கணக்கு திறக்க வேண்டாம், சிக்னல் இல்லாத இடத்திலும் போனுக்குள்ளேயே பெயர் தேடும். கூகுள் லென்ஸ் இணையத்தில் ஒத்த படத்தைத் தேடித் தருவது. பூத்த மரத்துக்கு ஓரளவு சரி, முள்மரத்துக்கு வேண்டாம். கண்மாய் வேலைக்கு எங்கள் தேர்வு: நின்ற இடத்தில் பிளான்ட்நெட், பதிவாக வைத்துக்கொள்ள ஐநேச்சுரலிஸ்ட். பிளான்ட்நெட்டில் உலகத் தாவரம் என்ற பொது அமைப்பிலேயே விட்டுவிடாமல் இந்தியத் துணைக்கண்டத்தைத் தேர்ந்துகொண்டால், தென் அமெரிக்க, ஆப்பிரிக்க முள்மரப் பெயர்கள் வந்து குழப்புவது பெருமளவு குறையும்.

இனி முள். இதை நன்றாகப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு விரல் பருமனுள்ள கிளையைக் கையில் பிடியுங்கள். சீமைக்கருவேலத்தில் முள் கணுவில், அதாவது இலை புறப்படும் இடத்தில், பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். வன்னியில் முள் கணுவோடு ஒட்டாது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டில், அடி அகன்று நுனி கூம்பி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். விடத்தலையில் சிறுகிளையின் நுனியே முள்ளாக முடியும். சில சமயம் அந்த முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருக்கும். நாட்டுக்கருவேலத்தில் முள் கணுவில் சோடியாகத்தான், வெளிறிய நிறத்தில், நேராக இருக்கும். அதனால் சீமைக்கருவேலத்திலிருந்து அதைப் பிரிக்க முள் போதாது, பூவோ காயோ வேண்டும். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமணியாக இடை சிறுத்துக் கோத்த மாலைபோல். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும் கதிர், காய் பழுத்தால் மஞ்சளாகிற, அவ்வளவாக இடை சிறுக்காத நெற்று. விடத்தலைப் பூவும் கதிர்தான். ஆனால் பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சள் என்று இரண்டு நிறம் காட்டும், காயோ முறுக்கிச் சுருண்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பிளான்ட்நெட்டில் படத்துக்கு உறுப்பு குறிக்கும்போது முள்ளுக்கென்று ஒரு வகை கிடையாது. முள் தெரியும் கிளைப்படத்தைப் பட்டை என்று போடலாம், அல்லது கிளையோடு இலையும் தெரிகிறமாதிரி எடுத்து இலை என்று போடலாம். இரண்டாவதுதான் நன்றாக வேலை செய்கிறது.

படம் எடுக்கும் முறை. ஒரு மரத்துக்கு ஐந்து படம்: முழு மரம், ஓரடி தூரத்திலிருந்து நெஞ்சுயரத்தில் பட்டை, கணுவும் முள்ளும் தெரியும் கிளை, ஒரு முழு இலை, பூ அல்லது காய். முழு இலை என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இந்த மரங்களில் கண்ணுக்கு இலையாகத் தெரிவது சிற்றிலை. கிளையில் காம்பு ஒட்டும் இடத்திலிருந்து நுனி வரை உள்ள மொத்தமும்தான் ஒரே இலை. வேம்புக்கும் மலைவேம்புக்கும் உள்ள வித்தியாசமே அதில்தான்: வேம்பில் நடு ஈர்க்கில் நேரடியாகச் சிற்றிலை ஒட்டும், மலைவேம்பில் ஈர்க்கு மறுபடி கிளைத்து அதில்தான் ஒட்டும். நுனியை மட்டும் படமெடுத்துக் கொடுத்தால் மலைவேம்பைச் செயலி வேம்பு என்று சொல்லிவிடும். அதன் மேல் குற்றமில்லை. இலையைப் பறித்து வெள்ளைத்தாள் மேலோ உள்ளங்கையிலோ பரப்பி, உங்கள் நிழல் விழும்படி நின்று எடுங்கள். உச்சி வெயிலில் சிற்றிலைகள் வெளுத்துப்போய் ஓரம் தெரியாது. சாயங்காலத்துக்கும் தள்ளிப்போட வேண்டாம்: வாகை, தூங்குமூஞ்சி போன்றவை பொழுது சாயும்போது இலையை மூடிவிடும், மூடிய இலையை வைத்துச் செயலி சொல்வது வெறும் ஊகம்.

விடை சதவீதத்தோடு வரும். அந்த எண்ணை மட்டும் பார்க்காமல், சதவீதம் எந்த எந்த மரத்துக்குப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். சீமைக்கருவேலத்துக்கும் அதன் தென் அமெரிக்கப் பங்காளிகளான பல்லிடா, சிலென்சிஸுக்கும் பிரிந்திருந்தால் கவலை வேண்டாம், எல்லாமே வெளியூர் ஆட்கள். சீமைக்கருவேலத்துக்கும் வன்னிக்கும் பிரிந்திருந்தால் அங்கே அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். முதல் பெயருக்கே 50 சதவீதம் தேறவில்லை என்றால் பேரினத்தோடு (அறிவியல் பெயரின் முதல் பாதியோடு) நிறுத்திக்கொண்டு, காய்க்கும் காலத்தில் திரும்பி வருவது எங்கள் வழக்கம். வன்னி ராஜஸ்தானிலும் அரபு அமீரகத்திலும் கொண்டாடப்படும் மரம். மணலில் நின்ற வன்னியும் நம் கோயில் பிராகாரத்தில் தலமரமாக நிற்கும் வன்னியும் தோற்றத்தில் ஒன்றல்ல, அதனால் செயலி தடுமாறக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பெயர் மாற்றம் இன்னொரு தலைவலி. சீமைக்கருவேலத்துக்கு இத்தனை காலம் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்று பெயர். 2022இல் வந்த வகைப்பாட்டு மாற்றத்துக்குப் பிறகு நெல்டுமா ஜூலிஃப்ளோரா. வன்னி மட்டும் பழையபடி புரோசோபிஸ் சினராரியாவாகவே இருக்கிறது. ஆகவே ‘புரோசோபிஸ் என்றால் வெட்டலாம்’ என்ற பழைய பாடம் இன்று நேர் எதிராக வேலை செய்யும். நாட்டுக்கருவேலம் அகேசியாவிலிருந்து வாச்செல்லியாவுக்குப் போய்விட்டது. அரசுக் கோப்பில் ஒரு பெயர், செயலியில் வேறொரு பெயர் வந்தால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

எது நாட்டு மரம், எது அயல் மரம் என்பதைச் செயலி தானாகத் தீர்த்து வைக்காது. ஐநேச்சுரலிஸ்ட் சில இனங்களுக்கு ‘வந்தேறியது’ என்று அடையாளம் காட்டும், எல்லாவற்றுக்கும் இல்லை. தவிர, வந்தேறிய மரமெல்லாம் ஆக்கிரமிக்கும் மரம் ஆகாது. கொடுக்காப்புளி அமெரிக்கக் கண்டத்து மரம், தூங்குமூஞ்சியும் அப்படியே, குல்மோகர் மடகாஸ்கர். இவற்றின் மேல் யாரும் போர் தொடுக்கவில்லை. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி நிற்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் அப்படியல்ல. அதைச் சரக்கொன்றையோடு குழப்பாமலிருக்க இலைப்படம் ஒன்றே போதும். சரக்கொன்றையில் சிற்றிலை பெரிது, ஓர் இலைக்கு எட்டுச் சோடிக்கு மேல் போகாது, பூங்கொத்து சரமாகத் தொங்கும். ஸ்பெக்டாபிலிஸில் சிற்றிலை சிறுத்துக் கூர்ந்து எண்ணிக்கையில் கூடும், பூங்கொத்து மேல்நோக்கி நிமிரும். தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே கொள்கை வெளியிட்டிருக்கிறது. பெயரைச் செயலியில் எடுத்து, நிலையை அது போன்ற ஆவணத்தில் பாருங்கள்.

நீலகிரிச் சோலைக்குள் போனால் நிலைமை வேறு. வெளியே புல்வெளியில் நிற்கும் சீகை என்கிற வாட்டில் மரத்தைச் செயலி எளிதாகச் சொல்லும். சோலைக்குள் நிற்கும் நாவல் இனத்து மரங்களில் பேரினத்தைத் தாண்டி அது சொல்வதை எழுதிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

பதிவு செய்யும்போது சில சில்லறை விஷயங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தில் இடக்குறிப்பு இருக்காது. களத்தில் எடுத்த மூலப்படத்தையே ஏற்றுங்கள். மரத்தடியில் ஜிபிஎஸ் தடுமாறும், துல்லியம் பத்து மீட்டருக்குள் வரும்வரை சற்றுத் திறந்தவெளியில் நில்லுங்கள். நட்டு வளர்த்த மரத்துக்கு ஐநேச்சுரலிஸ்டில் ‘வளர்க்கப்பட்டது’ என்று குறிக்காவிட்டால், சாலையோர மரம் காட்டு மரமாக வரைபடத்தில் ஏறும். குறித்தால், பார்த்துச் சொல்ல ஆள் வருவது குறையும், இருந்தாலும் குறியுங்கள்.

வெட்டிய அடிக்கட்டையிலிருந்து வரும் தளிரைச் செயலியிடம் கேட்க வேண்டாம். சீமைக்கருவேலத்தின் கட்டைத்தளிரில் இலையும் முள்ளும் வழக்கத்தைவிடப் பெரிதாக வரும். செயலி வேறு ஏதோ ஒரு பெயரை நம்பிக்கையோடு சொல்லும். ஓரடிக்குக் குறைந்த நாற்றும் அப்படித்தான். நாற்றைச் சுற்றி என்ன நெற்று விழுந்து கிடக்கிறது, ஆட்டுப் புழுக்கையில் என்ன விதை இருக்கிறது என்று குனிந்து பார்ப்பது அதைவிட விரைவு.