மேளக் கச்சேரி: கோயில் வீதியிலும் ஒலிப்பதிவிலும்

தவிலை நேரிலும் நாதஸ்வர ஆலாபனையை ஒலிப்பதிவிலும் கேட்பதே நிறைவு தரும் என்பது, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கோயில் திருவிழாக்களிலும் வீட்டிலும் நெடுங்காலமாக இரண்டையும் கேட்டுவரும் எனது கணிப்பு. மின்சாரமே இல்லாதிருந்த தொண்ணூறுகளில் வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஒலிநாடா கேட்டோம். பின்னர் இறுவட்டு வந்தது. இப்போது எல்லாம் கைபேசியில்தான்.

ஒலிப்பதிவில் பெரிதும் இழப்பது தவில். கூடு அணிந்த விரல்கள் தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் எழுப்பும் தாளச் சொற்களும், இடப்பக்கமான இடந்தலையில் கழி விழும் ஓசையும் ஒரு கணத்தில் உச்சத்தைத் தொட்டு மறுகணமே அடங்குபவை. கலையகப் பதிவில் பெரும்பாலும் அந்த உச்சத்தைத் தணித்து, தவிலை நாதஸ்வரத்துக்குப் பின்னே தள்ளிவிடுகிறார்கள். அதை மேலும் எம்பி3 ஆகச் சுருக்கும்போது அடியின் கூர்மையும் மழுங்கிவிடுகிறது. 1975இல் மறைந்த தவில் கலைஞர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியை இன்றைய தலைமுறை பதிவுகளில் மட்டுமே கேட்க முடியும். அவற்றில் தாளக் கணக்கும் வேகமும் தெளிவாகவே விளங்குகின்றன. அடியின் பாரம் மட்டும் நெஞ்சில் இறங்குவதில்லை.

ஆலாபனை அப்படியல்ல. வீதியுலாவில் சுவாமி நகர்ந்தால் மேளமும் நகர வேண்டும். ராகம் விரியும் வேளையில் வெடிச்சத்தமும் அரோகராவும் குறுக்கிடும். (அரோகராவைக் குறையாகச் சொல்லவில்லை, மேளமே அதற்காகத்தானே வந்தது.) பதிவிலோ மூச்சு மாறும் இடத்தையும், நாவால் காற்றைத் தடுத்து வாசிக்கும் துத்துக்காரத்தின் நுணுக்கத்தையும் வேண்டிய மட்டும் திருப்பிக் கேட்கலாம். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடங்களே அடங்கும் என்பதால், மணிக்கணக்கில் தோடி ராகம் வாசித்த நாதஸ்வரக் கலைஞர் டி. என். ராஜரத்தினம் பிள்ளையும் அதற்குள் ராகத்தைக் குறுக்கவேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் குறுக்கத்தில் ஒரு பிடிகூட வீணாவதில்லை. நீண்ட பதிவுகளை விட அந்த இசைத்தட்டுகளையே நான் அதிகம் நாடுகிறேன்.

நேரிற் கேட்கிறோம் என்று நாம் நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. திறந்த வெளியில் ஊருக்கே கேட்கவென்று உருவான நாதஸ்வரத்துக்கு மைக் வைத்து, கம்பங்களில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகளில் அலறவிடும்போது, இடந்தலையின் கனத்த ஓசை மறைந்து தகரச் சத்தமே மிஞ்சுகிறது. புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலின் பங்குனி உத்தரப் பொங்கல் போன்ற பெருங்கூட்டங்களில் ஒலிபெருக்கியைத் தவிர்க்க இயலாதுதான். ஆயினும் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், மேளத்தின் அருகில் நிற்பவருக்கு 170 மீற்றர் தொலைவிலுள்ள கூம்பின் ஓசை அரை நொடி பிந்தியே வந்து சேர்கிறது; ஒவ்வோர் அடியும் இரண்டாகப் பிளந்து தாளம் குழம்புகிறது. அத்தகைய கச்சேரியை விட நல்லதொரு பதிவே மேல் என்பேன். ஒலிபெருக்கி இல்லாத சிறு கோயிலில், சுவாமி எழுந்தருளும்போது அதற்கே உரிய இசையான மல்லாரி தொடங்கினால், எந்தப் பதிவும் அதற்கு ஈடாகாது.

கைபேசியிற் பதிவு செய்ய விரும்புவோர், ஒலிமட்டத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்தக்கூடிய செயலியைப் பயன்படுத்துவது நல்லது. அவ்வசதி இயங்கினால், தவில் ஒலிக்கையில் நாதஸ்வரமும் சேர்ந்து அமிழ்ந்துவிடும். தவில் ஓய்ந்ததும் கூட்டத்தின் பேச்சு மேலெழும். வலந்தலைக்கு நேரெதிரே நிற்காமல், நாதஸ்வரக்காரருக்கு முன்னால் சற்று விலகி நின்றால் இரண்டும் ஓரளவு சமமாகப் பதியும்.