இரண்டாவது மாநில உரிமம்: மதிப்பெண் மாற்றமா, அனுபவ வழியா?

அமெரிக்காவில் வக்கீல் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனியாகத்தான் தருகிறது. நியூயார்க் வக்கீல் டெக்சாஸிலும் உரிமம் பெற, மறுபடி பார் தேர்வு எழுதாமல் இரண்டு வழிகள் உண்டு.

புதியவர்களுக்கு நான் சொல்வது மதிப்பெண் மாற்றம். பல மாநிலங்களுக்குப் பொதுவான யூபிஇ என்ற பார் தேர்வின் மதிப்பெண்ணை அப்படியே கொண்டுபோகலாம். ஆனால் 400க்கு நியூயார்க் 266 கேட்கிறது, டெக்சாஸ் 270. அதாவது 268 எடுத்தவர் அங்கே பாஸ், இங்கே இல்லை! மதிப்பெண்ணுக்குக் காலாவதியும் உண்டு. வெளியிலிருந்து வரும் மதிப்பெண்ணை நியூயார்க் 3 ஆண்டுகள்தான் ஏற்கும். இந்தியாவில் சட்டம் படித்து, எல்எல்எம் என்ற சட்ட மேற்படிப்பை முடித்து நியூயார்க் தேர்வு எழுதும் நம் பிள்ளைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மதிப்பெண் செல்லுபடியானாலும், வெளிநாட்டுப் பட்டத்தை அடுத்த மாநிலம் ஏற்காமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

அனுபவ வழியில் மதிப்பெண் பேச்சே இல்லை. கடந்த 7 ஆண்டுகளில் 5 ஆண்டுகள் தொழில் செய்திருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. விண்ணப்பிப்பவரின் நன்னடத்தை பற்றிய விசாரணை இரண்டு வழியிலும் உண்டு.

கலிபோர்னியா, புளோரிடா என்றால் இரண்டுமே உதவாது. அங்கே தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.