கிடாவும் எருமையும் எலியும்

தோட்டத்துத் திருவிழா நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வழக்கு தவறாமல் கிளம்பும்: முனியாண்டிக்குக் கிடா வெட்டலாமா? கூடாது என்பவர் குறளை எடுப்பார். வெட்டலாம் என்பவர் பாட்டன் காலத்து நேர்த்திக்கடனைக் காட்டுவார். வழக்கு ஓய்ந்ததும் இருவரும் ஒரே கடையில் கோழிப் பிரட்டல் சாப்பிடுவார்கள்.

குறள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. நெய் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமை நன்று என்கிறது 259ஆம் குறள். பலிபீடத்துக்கும் சோற்றுத் தட்டுக்கும் ஒரே தீர்ப்பு. தமிழ்நாடு, அன்றைய சென்னை மாநிலம், 1950இல் சட்டம் போட்டுக் கோயில் பலியை மட்டும் தடுத்தது. 2004இல் அந்தச் சட்டமும் போய்விட்டது.

பௌத்தம் இதில் இளகியது. தனக்காகக் கொன்றதாகக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால், பிச்சையில் விழும் இறைச்சியைத் துறவி உண்ணலாம். ஊன் மறுப்பை விதியாக்கும்படி சங்கத்துத் துறவி தேவதத்தன் கேட்டபோது புத்தர் இசையவில்லை. பிச்சை ஏற்பவருக்கு இது நியாயம்தான். காசு கொடுத்து வாங்கும் நமக்கு? தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் தருபவரும் இருக்க மாட்டார் என்னும் 256ஆம் குறள் அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறது. இந்தக் கணக்கில் வள்ளுவரை வெல்ல ஆளில்லை.

ஆனால் உயிரோடு உழைக்கும் விலங்குக்கு வந்தால் நான் இஸ்லாத்தின் பக்கம் சாய்வேன். அது உண்ண அனுமதித்துவிட்டு நிபந்தனை போடுகிறது: கத்தி கூராக இருக்க வேண்டும், விலங்கின் கண்முன் தீட்டக் கூடாது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஒட்டகத்தைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்கியவரை நபிகள் கண்டித்த செய்தி. செம்பனை என்னும் எண்ணெய்ப் பனையின் குலை ஏற்றிய வண்டியைச் சேற்றில் இழுக்கும் எருமைக்கு வேண்டியது இதுதான். ‘இன்னா செய்யாமை’ குறளிலும் உண்டு. எருமைக்காக அந்த அதிகாரத்தைப் புரட்டியவரை நான் பார்த்ததில்லை. கிறிஸ்தவத்தில் ஆதியாகமம் மனிதனுக்கு ஆளுகை தருகிறது. நீதிமான் தன் மிருகத்தின் உயிரைப் பேணுவான் என்று நீதிமொழிகள் அதற்குக் கடிவாளம் போடுகிறது.

எல்லாருக்கும் இடிப்பது எலிதான். செம்பனைப் பழத்தைக் கொறிக்கும் எலியைத் தொல்லை தரும் பிராணி என்று இஸ்லாம் கொல்ல விடுகிறது. பௌத்தத்தில் விஷம் வைப்பவரின் எண்ணமே அதைக் கொலையாக்குகிறது. குறளிலும் தப்ப வழியில்லை. தோட்டங்கள் கண்ட மாற்று, கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகை என்னும் ஆந்தையைக் குடிவைப்பது. இப்போது கொல்வது கூகை. பெட்டி கட்டியவர் கையில் இரத்தமில்லை, எண்ணம் மட்டும் உண்டு. கூடவே விஷமும் வைத்தால், விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பாட்டிகளுக்கு இந்தக் குழப்பமே இல்லை. கூகை அலறினால் வீட்டில் சாவு விழும், முதலில் அந்தப் பெட்டியைக் கழற்று என்கிறார்கள்.